கடலூரில் ‘கரையேறவிட்ட குப்பம்’ என்ற பெயர் எப்படி வந்தது?

அப்பரால் வந்த பெயர். சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அவரைப் பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினான், கல்லே தெப்பமாகிக் கடலூரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரைசேர்த்தது என்கிறது பெரியபுராணம். அவர் ஏறிய கரைதான் இந்தக் குப்பம்.

பலரும் இரண்டு பதிகங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். கடலில் பாடியது ‘சொற்றுணை வேதியன்’ எனத் தொடங்கும் நமச்சிவாயப் பதிகம் (4ஆம் திருமுறை, 11). கரையேறிப் பாடலீசுவரர் கோயிலில் பாடியது ‘ஈன்றாளுமாய்’ (அதே திருமுறை, 94). அதில் வரும் ‘தோன்றாத் துணையாய்’ என்ற சொல்லால்தான் இறைவனுக்குத் தோன்றாத்துணைநாதர் என்ற பெயர். தலமரம் பாதிரி, ஊர்ப்பெயரின் முன்பாதி அதுதான்.

இன்னொரு குழப்பம், பாடலிபுத்திரம். அப்பர் சமணராக இருந்த இடமாகப் பெரியபுராணம் சொல்வது பீகார் நகரத்தை அல்ல, இதே திருப்பாதிரிப்புலியூரை. இங்கே பெரிய சமணப் பள்ளி இருந்தது. லோகவிபாகம் என்ற சமண நூலின் மூலநூல் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகையில் எழுதப்பட்டதாக அந்நூலே குறிக்கிறது. அந்தப் பாடலிகை இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. அப்பர் கதையை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவது ஊருக்குச் செய்யும் அநியாயம்.

பிற்காலத்தில் புதுமைப்பித்தன் (1906) பிறந்ததும் திருப்பாதிரிப்புலியூரில்தான்.