விண்டோஸ் 7-இல் ஸ்டீம் (கணினி கேம்களை வாங்கி ஆடும் செயலி) ஓடவில்லை, வாங்கிய கேம்கள் போய்விடுமா?

போகாது. அவை உங்கள் கணக்கில் இருக்கின்றன, கணினியில் அல்ல.

2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் ஸ்டீம் ஆதரவை நிறுத்திவிட்டது. கேம்கள் மேல் பழியில்லை. ஸ்டீமின் கடைப் பக்கம் முதலானவற்றைக் காட்டுவது அதற்குள் பொதிந்திருக்கும் குரோம் பிரவுசர். அந்தக் குரோம் 109-ஆம் பதிப்போடு இந்தப் பழைய விண்டோஸ்களைக் கைகழுவிவிட்டது. அஸ்திவாரம் போனபின் மாடி எப்படி நிற்கும்?

சரி, உடனே புதுக் கணினிக்கு ஓடாதீர்கள். பெங்களூரில் இருந்தால், கணினிப் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), கொஞ்சம் ரேம் (நினைவகம்) வாங்கிப் போட்டால் விண்டோஸ் 10 பெரும்பாலும் ஓடிவிடும். (அதற்கும் 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை முடித்துவிட்டது, அது தனிக் கதை.) அப்புறம், கிளவுடில் (ஸ்டீமின் இணையச் சேமிப்பில்) ஏறாத சேவ் ஃபைல்களை, அதாவது கேமில் எதுவரை ஆடினீர்கள் என்ற பதிவுகளை, முதலில் பென்டிரைவில் எடுத்துவையுங்கள்.