ஃப்ளோட் சுவிட்ச் ஆஃப் ஆன பிறகும் 230 வோல்ட் ஏசி ரிலே விடாமல் பிடித்தே நிற்கிறது. ஏன்?

கேள்வியில் சொன்ன அமைப்பு இது: தொட்டி, மோட்டாரின் மூன்று ஃபேஸ் பேனலிலிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்கிறது. பேனலிலிருந்து ஃபேஸ், இரண்டு கோர் கேபிளில் ஃப்ளோட் சுவிட்ச் (தொட்டியில் மிதந்து, நீர்மட்டத்துக்கு ஏற்ப மூடித் திறக்கும் சுவிட்ச்) வரை போய், திரும்பி வந்து 14 பின் சின்ன ரிலேயின் காயிலில் சேர்கிறது. காயிலின் மறுமுனை நியூட்ரலில். ரிலேயின் என்ஓ காண்டாக்ட் (ரிலே இழுத்தால் மட்டும் மூடுவது) மோட்டாரின் காண்டாக்டரை, அதாவது மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்சை, இழுக்கிறது. தொட்டி நிறைந்து ஃப்ளோட் திறந்தாலும் ரிலே 'ர்ர்ர்' என்று இரைந்தபடி பிடித்தே நிற்கிறது, தண்ணீர் வழிகிறது. புது ரிலே மாற்றியும் பலனில்லை.

ரிலேயை இனி மாற்ற வேண்டாம். கோளாறு பெரும்பாலும் அந்த 300 மீட்டர் கேபிளில்தான்.

அருகருகே ஓடும் இரண்டு கோரும் நடுவில் பிவிசியும் சேர்ந்தால் அதுவே ஒரு கெபாசிட்டர். கண்ட்ரோல் கேபிளில் இது கிலோமீட்டருக்குச் சுமார் 0.1 முதல் 0.3 மைக்ரோ ஃபாரட் வரும். 0.3 என்று வைத்தால் 300 மீட்டருக்கு 0.09 மைக்ரோ ஃபாரட். 50 ஹெர்ட்ஸில் அதன் ரியாக்டன்ஸ், அதாவது ஏசிக்கு அது காட்டும் தடை, சுமார் 35 கிலோ ஓம். 230 வோல்ட்டில் அதன் வழியே 6.5 மில்லி ஆம்பியர் வரை கசியும். ஃப்ளோட் திறந்திருந்தாலும் இந்தக் கெபாசிட்டர் அந்தக் காண்டாக்டுக்குக் குறுக்கே பாலம் போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் ரிலேயின் காயில் எடுப்பதே சுமார் 5 மில்லி ஆம்பியர்தான். அதோடு, இவ்வகை ஏசி ரிலேக்கள் வோல்ட்டேஜ் 30 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 69 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் உறுதியாக விடும். இழுக்க 80 சதவீதம் வேண்டும், பிடித்து வைக்க அதில் பாதிகூட வேண்டாம். அதனால்தான் ஃப்ளோட் மூடும்போது சரியாக இழுக்கிற ரிலே, திறக்கும்போது விட மறுக்கிறது.

சிலர் ரிலே இல்லாமல் நேராகக் காண்டாக்டர் காயிலையே ஃப்ளோட்டில் போட்டு ஓட்டுவார்கள், அங்கே இந்தத் தொல்லை வராது. சின்ன காண்டாக்டர் காயில்கூட பிடித்து நிற்க 35, 40 மில்லி ஆம்பியர் கேட்கும். 6.5 அதற்குப் போதாது.

ஆனால் ஊகத்தில் நிற்காமல் சோதித்து உறுதி செய்யுங்கள். மூன்று ஃபேஸ் பேனல் என்பதால் மெயினை ஆஃப் செய்து, மூன்று ஃபேஸிலும் மின்சாரம் இல்லை என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

முதலில், மோட்டார் ஓடாதபடி காண்டாக்டரின் காயில் ஒயரைக் கழற்றி இன்சுலேட் செய்து வையுங்கள். பிறகு ஃப்ளோட்டுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் பேனல் டெர்மினலில் கழற்றிவிட்டு சப்ளை கொடுங்கள். அப்போதும் ரிலே இழுத்தால் பேனல் வயரிங்கிலேயே தப்பு. சாக்கெட்டில் 13, 14 காயில். 9 காமன், 1 என்சி (ரிலே சும்மா இருக்கும்போது மூடியிருப்பது), 5 என்ஓ. சாக்கெட்டை அடிப்பக்கம் திருப்பிப் பார்த்து எண்ணினால் இடம் வலம் மாறிவிடும், அச்சிட்ட எண்ணை மட்டும் நம்புங்கள். ரிலே சும்மா இருந்தால் பேனல் சரி. இப்போது சப்ளையை ஆஃப் செய்து, ஒயர்களைப் பேனலில் திரும்பக் கோர்த்து, தொட்டிப் பக்கத்தில் ஃப்ளோட்டைக் கழற்றி முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றுங்கள். சப்ளை கொடுத்து, 9, 5 போன்ற காண்டாக்ட் எதையும் தொடாமல், ரிலேயின் சோதனை நெம்பை மட்டும் ஒருமுறை அழுத்தி விடுங்கள். பிடித்துக்கொண்டால் குற்றவாளி கேபிள், ஃப்ளோட் அல்ல.

இந்த இடத்தில் டிஜிட்டல் மீட்டர் பலரை ஏமாற்றுகிறது. ரிலேயைப் பிடுங்கிவிட்டு 13, 14 இடையே வைத்தால், ஃப்ளோட் திறந்திருக்கும்போதும் 200 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மீட்டரின் உள் மின்தடை 10 மெகா ஓம், அதற்கு அந்தக் கசிவே தாராளம். டெஸ்டரின் நியான் விளக்கும் அப்படித்தான், மினுக்கென்று எரியும். அதே இடத்தில் 15 வாட் ஜீரோ பல்பு ஒன்றை இணைத்துப் பாருங்கள், ஃபிலமென்ட் உள்ள பழைய பல்பு. கசிவு மட்டும் என்றால் பல்பு எரியாது, மீட்டர் சில வோல்ட்டுக்கு விழுந்துவிடும். பல்பு முழுதாக எரிந்தால் ஃப்ளோட் காண்டாக்ட் ஒட்டியிருக்கிறது, அல்லது எங்கோ ஒயர் ஷார்ட். எல்இடி ஜீரோ பல்பு போடாதீர்கள். இந்தக் கசிவிலேயே அது எரியும், அல்லது மினுக்கும்.

கெபாசிட்டர் கசிவா, ஜாயின்டில் தண்ணீர் இறங்கிய கசிவா என்பதைப் பல்பு பிரித்துச் சொல்லாது. அதற்கு மெக்கர், அதாவது இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர், வேண்டும். இரு முனையும் கழற்றிய கேபிளில் கோருக்கும் கோருக்கும், கோருக்கும் எர்த்துக்கும் 500 வோல்ட் டிசி கொடுங்கள். நல்ல கேபிள் பல மெகா ஓம் காட்டும். கெபாசிட்டர் டிசியை விடாது. 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஜாயின்டைத் தோண்டிப் பாருங்கள். 50 கிலோ ஓமுக்கு இறங்கிய ஈர ஜாயின்ட் 4.6 மில்லி ஆம்பியர் வரை கடத்தும், ரிலேயைப் பிடித்து வைக்க அது போதும். சோதனை முடிந்ததும் கோர்களை ஷார்ட் செய்து டிஸ்சார்ஜ் செய்த பிறகே தொடுங்கள்.

ஃப்ளோட் காண்டாக்டுக்குக் குறுக்கே யாராவது பொறி அடங்க ஆர்சி ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் தொடராகச் சேர்ந்தது) போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள். 0.1 மைக்ரோ ஃபாரட் ஸ்னப்பர் ஒன்றே 7 மில்லி ஆம்பியர் விடும்.

ஃப்ளோட் ஃபேஸ் பக்கம்தான் இருக்கிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். காயிலின் ஒரு முனை நேராக நியூட்ரலில், சுவிட்சுகள் எல்லாம் ஃபேஸ் பக்கம். இதை மாற்றி ஃப்ளோட்டை நியூட்ரலில் போட்டிருந்தால், வெளியே எங்கோ ஒயர் உரிந்து ஈரமண்ணைத் தொட்டாலே எர்த் வழியாகக் காயில் வேலை செய்து, ஆளில்லாமல் மோட்டார் ஓடும். மோட்டாரைக் கழற்ற இறங்கியவர் மேல் அது ஓடினால் என்ன ஆகும்? இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

இனி சரிசெய்வது. செலவு குறைந்த வழி, காயிலுக்கு இணையாக 0.47 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி கெபாசிட்டர், அதற்குத் தொடராக 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர். கசிவு வோல்ட்டேஜ் சுமார் 40க்கு இறங்கும், ரிலே விட்டுவிடும், சூடும் இல்லை. ரெசிஸ்டர் இல்லாமல் போட்டால் ஃப்ளோட் மூடும் ஒவ்வொரு முறையும் பாயும் மின்னோட்டம் அதன் காண்டாக்டைத் தின்னும். கெபாசிட்டருக்குப் பதில் ரெசிஸ்டரை மட்டும் இணையாகப் போடச் சொல்வார்கள். 10 கிலோ ஓமில் 62 வோல்ட் வரை நிற்கும், எல்லையில் தொங்கும். 4.7 கிலோ ஓம் போதும், ஆனால் ஃப்ளோட் மூடியிருக்கும் நேரமெல்லாம் 11 வாட் சூடு பேனலுக்குள் இருக்கும், 25 வாட் ரெசிஸ்டர் வேண்டும்.

என் பரிந்துரை 24 வோல்ட் டிசி. பேனலில் ஏசியை 24 வோல்ட் டிசியாக்கும் சின்ன எஸ்எம்பிஎஸ், 24 வோல்ட் டிசி ரிலே, காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, அதன் கோடிட்ட முனை பிளஸ் பக்கம். டிசியைக் கேபிள் கெபாசிட்டன்ஸ் கடத்தாது. 1 சதுர மிமீ ஒயரில் போய்வர 600 மீட்டருக்கு மின்தடை சுமார் 11 ஓம். ரிலே 40 மில்லி ஆம்பியர் எடுத்தாலும் இழப்பு அரை வோல்ட்டுக்குள். தண்ணீரில் மிதக்கும் சுவிட்சில் 230 வோல்ட் இருக்க வேண்டியதும் இல்லை.

எந்த வழியில் போனாலும் கடைசியாக ஃப்ளோட் முனையைத் திறந்து வைத்து, ரிலே சாக்கெட்டில் இருக்கும் நிலையில் 13, 14 இடையே அளந்து பாருங்கள். ஏசி என்றால் 50 வோல்ட்டுக்குக் கீழ், டிசி என்றால் பூஜ்யம் காட்ட வேண்டும். மோட்டாரை ஓடவிட்டும் ஒருமுறை அளங்கள். மோட்டார் கேபிளும் ஃப்ளோட் கேபிளும் ஒரே பைப்பில் போனால் ஓடும்போது அளவு ஏறும், அப்போது ஃப்ளோட் கேபிளைத் தனிப் பைப்புக்கு மாற்றுங்கள்.