பஞ்சரான டயரை ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி: காரின் பின்சக்கரத்தில் ஆணி ஏறியிருக்கிறது. டியூப்லெஸ் டயர் என்பதால் காற்று இறங்கியதாகத் தெரியவில்லை. ஆணியைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: பிடுங்காதீர்கள். துளையை இப்போது அடைத்துக்கொண்டிருப்பதே அந்த ஆணிதான். சோப்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றிப் பாருங்கள்; ஆணியைச் சுற்றிக் குமிழி கிளம்பினால் காற்று கசிகிறது என்று பொருள். காற்றைச் சரியான அளவுக்கு நிரப்பிக்கொண்டு, வேகம் கூட்டாமல் அருகிலுள்ள பஞ்சர் கடைக்குச் செல்லுங்கள். அழுத்தம் நிற்கவில்லையென்றால் ஸ்டெப்னியை மாட்டிக்கொள்வதே சரி.

கேள்வி: டயரின் பக்கவாட்டில் கம்பி குத்திவிட்டது. ஒட்டித் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள்.

பதில்: ஒத்துக்கொள்ளாதீர்கள். ரேடியல் டயரில் சாலையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் உண்டு. பக்கச்சுவரில் அவை கிடையா. சக்கரம் சுழலும்தோறும் அந்தச் சுவர் மடங்கி நிமிர்வதால், எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் ஒட்டு அங்கே நிலைக்காது. பட்டையின் ஓரமான தோள்பகுதிக்கும் இதுவே பொருந்தும். நடுப்பகுதியிலும் துளை 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மட்டுமே ஒட்ட வேண்டும்.

கேள்வி: சக்கரத்தைக் கழற்றாமலே ஐந்து நிமிடத்தில் ஸ்ட்ரிப் எனும் ரப்பர் திரியைத் துளையில் செருகித் தந்தார்கள். அது போதுமா?

பதில்: வீடு வந்து சேரப் போதும், அதையே நிரந்தரமான பழுதுநீக்கமாகக் கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஸ்ட்ரிப் துளையை அடைக்கிறதே தவிர, காற்றைத் தாங்கும் உட்படலத்தை மூடுவதில்லை. அதைவிட முக்கியமாக, டயரைக் கழற்றாதவர் அதன் உட்புறத்தைப் பார்த்திருக்கவே முடியாது. காற்றில்லாமல் சிறிது தூரம் ஓடிய டயரைக் கழற்றித் தட்டினால், அரைத்த கரியைப் போலக் கறுப்புத் தூள் கொட்டும். பக்கச்சுவரின் உட்புறத்தில் விரலை ஓட்டினால், வளையம்போல ஒரு சொரசொரப்பு தட்டுப்படும். வெளியே ஒரு கீறலும் இல்லாமல் புத்தம்புதிதாகத் தோன்றும் அந்த டயர், உள்ளே நைந்துபோயிருக்கிறது. அதை ஒட்டாமல் கழித்துவிட வேண்டும். உட்புறம் நன்றாக இருந்தால், துளையைச் சுற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை தடவி, அது காய்ந்தபின் காளான் வடிவ ஒட்டை உள்ளிருந்து இழுத்துப் பதிப்பார்கள். அதன் தண்டு துளையை நிரப்பும், குடை உட்படலத்தை மூடும். கூடுதலாக அரை மணி நேரம் ஆனாலும் காத்திருந்து செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பைக்கில் டியூப் மாற்றிய மறுநாளே மீண்டும் பஞ்சர். ஏன்?

பதில்: முதலில் குத்திய முள் டயருக்குள்ளேயே இருந்திருக்கலாம். டியூபைப் போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முள் இருந்தால் துணியில் சிக்கும்.

கேள்வி: புதிய காரில் ஸ்டெப்னியே தரவில்லை. இது சட்டப்படி சரியா?

பதில்: சரிதான். 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயர்களும் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. கிட்டில் உள்ள அடைப்புத் திரவத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. இன்றே எடுத்துப் பாருங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது. திரவத்தைப் பயன்படுத்தியிருந்தால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; அதைக் கழுவித் துடைத்த பிறகுதான் அவரால் ஒட்டைப் பதிக்க முடியும்.