நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்: ஆட்வேர் கேள்விகளுக்குப் பதில்

கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பர நிரல்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில.

அண்ணே, டிடிபி சென்டர் வச்சிருக்கேன். பிடிஎஃப் ஃபைல்களை ஒண்ணா சேர்க்க ஒரு இலவச சாஃப்ட்வேர் இறக்கினேன். அன்னையிலிருந்து குரோமைத் திறந்தாலே ஏதோ ஒரு தேடல் பக்கம் வருது. ஆன்டிவைரஸ் ஒண்ணுமே இல்லைங்குது.

அது சொல்வதும் ஒருவகையில் சரிதான், தம்பி. திருடன் பூட்டை உடைத்து வரவில்லை. நீங்களே கதவைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள். இன்ஸ்டால் செய்யும்போது "எக்ஸ்பிரஸ் (பரிந்துரைக்கப்படுவது)" என்று ஒன்றும், மங்கலான எழுத்தில் "கஸ்டம்" என்று ஒன்றும் இருந்திருக்கும். எக்ஸ்பிரஸை அழுத்தினால் கூட வரும் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று பொருள். ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் இவ்வளவு என்று அந்த இலவச மென்பொருளைக் கொடுப்பவர்களுக்குக் காசு போகிறது. இனிமேல் எப்போதும் கஸ்டம்தான். டிக்குகளை எடுத்துவிட்டு, "டிக்லைன்" என்று இருந்தால் அதை அழுத்துங்கள்.

இப்போது சுத்தம் செய்ய, முதலில் கன்ட்ரோல் பேனலில் நிரல்களின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். அந்த பிடிஎஃப் மென்பொருள் வந்த அதே நாளில் உங்களுக்குத் தெரியாமல் வேறு என்னென்ன வந்தன என்று பார்த்து, எல்லாவற்றையும் நீக்குங்கள். பிறகு மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனரை அவர்கள் தளத்திலிருந்தே எடுத்து ஓட்டுங்கள். இலவசம்தான், இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். கடைசியில் குரோமில் ரீசெட். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது, பயப்படாதீர்கள்.

செஞ்சேன் அண்ணே. மறுநாள் திரும்ப வந்துடுச்சு!

குரோமில் சின்க் (செட்டிங்ஸையெல்லாம் கூகுள் கணக்கில் சேமித்துத் திரும்ப இறக்கும் வசதி) போட்டிருக்கிறீர்களா? அந்தத் தேடல் பக்கத்தைக் கொண்டுவரும் எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல், கூகுள் கணக்கிலேயே உட்கார்ந்துகொண்டு இறங்கி வரும். சின்க்கை நிறுத்திவிட்டு நீக்குங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். டார்கெட் பெட்டியில் வால்போல ஏதாவது இணைய முகவரி தொங்கினால் அதை அழியுங்கள். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். நான் கடையில் பார்க்கும் "திரும்ப வந்துடுச்சு"க்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

பெரிய, பேர்போன தளத்தில் எடுத்தால் பயமில்லைதானே? (கல்லூரி மாணவர்)

அப்படித்தான் நாங்களும் நம்பினோம். 2011-இல் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தி நிறுவனத்தின் டவுன்லோட் தளம், நெட்வொர்க்கை ஆராயும் என்மேப் என்ற இலவச மென்பொருளைத் தன் சொந்த இன்ஸ்டாலருக்குள் சுற்றி, டூல்பாரோடு கொடுத்தது. என்மேப்பை உருவாக்கியவரே பகிரங்கமாகச் சண்டைக்குப் போனார். இலவச மென்பொருள்களுக்குப் பேர்போன சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலும் இதே கதை. பொறுக்க முடியாமல், கிம்ப் என்ற இலவச படத்திருத்த மென்பொருளை உருவாக்கும் குழு 2013-இல் வெளியேறியது. 2015-இல் அவர்கள் விட்டுப்போன விண்டோஸ் பக்கத்தை அந்தத் தளமே எடுத்துக்கொண்டு, கிம்ப்போடு விளம்பரச் சரக்கையும் சேர்த்துக் கொடுத்தது. 2016-இல் தளம் கைமாறிய பிறகு புதிய உரிமையாளர்கள் அந்தத் திட்டத்தை மூடினார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டுமே!

ஆகவே, உருவாக்கியவரின் தளத்துக்கே போங்கள். கூகுளில் முதலில் வருவது பல நேரம் விளம்பரம். அதைத் தாண்டிப் பாருங்கள். பக்கத்தில் நான்கு பச்சை டவுன்லோட் பொத்தான்கள் மின்னினால் மூன்று பொய். விண்டோஸ் 11-இல் மென்பொருளைத் தட்டச்சு செய்தே இறக்கி நிறுவ வின்கெட் என்ற கட்டளை கூடவே வருகிறது. கறுப்புத் திரைக்குக் கூச்சப்படாதவர் என்றால் அதுவே போதும்.

சார், நான் ஆசிரியை. எதுவும் இறக்கவில்லை. ஆனால் திரையின் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று வந்துகொண்டே இருக்கிறது.

டீச்சர், ஏதோ ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்" என்றிருக்கும். அழுத்தியிருப்பீர்கள். அது நோட்டிஃபிகேஷன் அனுமதி, அவ்வளவுதான். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், தெரியாத தளங்களை நீக்குங்கள். அதில் வரும் எண்ணுக்கு மட்டும் போன் செய்துவிடாதீர்கள்.

புது லேப்டாப்பிலேயே வர வாய்ப்பு உண்டா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

வந்திருக்கிறது ஐயா. 2014-15-இல் விற்ற சில லெனோவோ லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல் ஆலையிலேயே ஏற்றப்பட்டிருந்தது. பூட்டுக்குறி போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைக்க, அது தன் சொந்தச் சான்றிதழை (ஒரு தளம் உண்மையானதுதான் என்று கணினி நம்பச் செய்யும் டிஜிட்டல் அத்தாட்சி) விண்டோஸில் பதித்துவிட்டது. அந்தச் சான்றிதழுக்கான ரகசியச் சாவி எல்லா லேப்டாப்பிலும் ஒன்றேதான். அது வெளியே தெரிந்ததும் வங்கிப் பக்கத்தைக்கூடப் போலி செய்ய வழி பிறந்தது. நிரலை நீக்கினாலும் சான்றிதழ் தங்கியது, அதைத் தனியே எடுக்க வேண்டியிருந்தது. வெறும் விளம்பரம்தானே என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

கிராக் போட்ட போட்டோஷாப்பில் ஆட்வேர் வராமல் இருக்க வழி?

"ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணு" என்று சொல்லும் ஃபைலுக்கு நான் வழி சொல்ல மாட்டேன் தம்பி. கிம்ப் பழகுங்கள். கிம்ப்பின் சொந்தத் தளத்திலிருந்து.

தானாகவே தடுக்க ஏதாவது செட்டிங் இருக்கா அண்ணே?

விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், அதற்குள் ரெப்யூட்டேஷன் பேஸ்ட் புரொடெக்ஷன். "பொட்டென்ஷியலி அன்வான்ட்டட் ஆப்" (வேண்டாத நிரலாக இருக்கக்கூடியது) தடுப்பை ஆன் செய்து, கீழே இரண்டு டிக்கையும் போடுங்கள். டிக் போடச் சொல்லி நான் கேட்பது இங்கே மட்டும்தான்.