நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவினால், சி.இ.ஏ. அளவை வைத்து மிச்சக் காலத்தைச் சொல்ல முடியுமா?

அப்பாவுக்கு 64 வயது, நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் போயிருக்கிறது, இரத்தத்தில் சி.இ.ஏ. (கட்டி இரத்தத்தில் விடும் ஒரு புரதம், புற்றுநோய் மார்க்கர்களில் ஒன்று) 112 என்று வந்திருக்கிறது, இதை வைத்து எவ்வளவு காலம் என்று சொல்லலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். சொல்ல முடியாது. என் அம்மாவுக்குச் செய்த இரத்தச் சோதனைகள் எங்களை இரண்டு தரம் ஏமாற்றின, ஒரு தரம் பயங்காட்டி, ஒரு தரம் சந்தோசப்படுத்தி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் அநேகமாக வீட்டில் மூத்த பிள்ளையாக இருப்பீர்கள். றிப்போர்ட்டை முதலில் கையில் வாங்கியது நீங்கள், அம்மாவுக்கு இன்னும் முழுக்கச் சொல்லவில்லை, எல்லோரும் படுத்த பிறகு போனில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் கிடந்தேன்.

எங்களுக்கு விசுவமடு. அம்மா சுருட்டைக் கையால் தொட்டதில்லை. நாற்பது வருசம் விறகடுப்பு ஊதினார், அவ்வளவுதான். "உண்மையாகவே புகைப்பழக்கம் இல்லையோ?" என்று செத்த வீட்டில்கூடக் கேட்ட சொந்தக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. 61 வயதில் முதலில் இருமல், பிறகு தலையிடி, பிறகு கதைக்கும்போது சொல் தடுமாறத் தொடங்கியது. ஸ்கானில் நுரையீரலில் ஒரு கட்டி, மூளையில் மூன்று, முதுகெலும்பிலும் ஓர் இடம். சதைத் துண்டு எடுத்துப் பார்த்ததில் அடினோகார்சினோமா, புகைக்காதவர்களுக்கும் வருகிற வகை. சி.இ.ஏ. 74. புகைக்காதவர்களுக்கு 5க்குள் இருக்க வேண்டியது.

கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன், "எல்லா மார்க்கரையும் ஒரேயடியாகச் செய்து பாருங்கோ அக்கா, காசு நான் அனுப்பிறன்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். கிளிநொச்சியில் ஒரு தனியார் இடத்தில் இரத்தம் எடுத்து, அதைக் கொழும்புக்கு அனுப்பி, மூன்றாம் நாள் முடிவு வந்தது. என்.எஸ்.ஈ. என்ற ஒன்று 41. தாளில் போட்டிருந்த எல்லை 16. நான் தேடிப் பார்த்தால், அது சிறுகலப் புற்றுநோயில் கூடும், வேகமாகப் பரவும் வகை என்று இருந்தது. அன்றிரவு நான் அம்மாவின் சீலைகளை மடித்து அடுக்கினேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த கிளினிக் தெல்லிப்பழையில். பரந்தனுக்கு வந்து பஸ் மாறி, ஆனையிறவு தாண்டிப் போய்ச் சேரப் பத்து மணியாகிவிடும். தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் 2011இல் ஆட்கள் நடந்து சேர்த்த காசில் எழும்பிய ஆஸ்பத்திரி அது. "எங்களுக்காக ஆரோ நடந்திருக்கினம், நாங்கள் பஸ்ஸில போறதுக்கு அலுக்கக் கூடாது" என்பார் அம்மா. டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இரத்தம் எங்க எடுத்தது, எத்தனை மணிக்கு?" என்றுதான். என்.எஸ்.ஈ. சிவப்பணுக்களுக்குள்ளேயும் இருக்கிறதாம். எடுத்த இரத்தத்தை நேரத்துக்குப் பிரித்து வைக்காமல் விட்டாலோ, வழியில் குலுங்கி அணுக்கள் உடைந்தாலோ, எண் தானாகக் கூடிவிடும். திரும்ப எடுத்து உடனேயே பிரித்துச் செய்ததில் 13. மூன்று கிழமை நான் ஒழுங்காகச் சாப்பிடாமல் திரிந்தது பஸ்ஸில் உடைந்த சிவப்பணுக்களுக்காக.

இரண்டாவது ஏமாற்றம்தான் பெரியது. மரபணுச் சோதனையில் ஈ.ஜி.எஃப்.ஆர். (புற்றணுவை வளரத் தூண்டும் ஒரு மரபணு) மாற்றம் இருப்பதாக வந்து, அதைத் தடுக்கும் ஜெஃபிடினிப் குளிசை தொடங்கினார்கள். முதல் மாதம் சி.இ.ஏ. 90க்கு ஏறியது. மருந்து வேலை செய்யத் தொடங்கும்போது சிலருக்கு அப்படி ஏறித்தான் இறங்கும் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்ததால் தப்பினோம். பிறகு 38, 11, 6. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நேர்த்தியைத் தீர்த்தோம். கனடாவுக்கு வட்ஸ்அப்பில் படம் போனது. இரண்டு கிழமை கழித்து அம்மாவின் இடக்கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. ஸ்கானில் நெஞ்சுக் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது, மூளையில் புதிதாக இரண்டு. அன்று எடுத்த சி.இ.ஏ. 5.8.

இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. அந்தக் குளிசை அதைத் தாண்டிக் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும். மூளையில் இருக்கும் சின்னக் கட்டி, இரத்தத்தில் எண்ணை அசைக்கிற அளவுக்கு ஒன்றையும் வெளியே விடாமலும் இருக்கலாம். நெஞ்சு நன்றாக இருக்க மூளை மட்டும் மோசமாகும்போது சி.இ.ஏ. அமைதியாகவே இருக்கக்கூடும். உங்கள் கேள்வி மூளையைப் பற்றியது என்பதால் இதைத் திரும்பவும் சொல்கிறேன்: அந்த எண் இறங்கினாலும் கை, கால், கதை, நடை நான்கையும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

ஸ்கான் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூளைக்கு எம்.ஆர்.ஐ. தான் நல்லது, சி.டி.யில் தெரியாத சின்னக் கட்டியையும் அது காட்டும். ஆனால் அம்மாவின் தோள்பட்டைக்குப் பின்னால் 2009இல் போரின்போது மாத்தளனில் பட்ட ஷெல் துண்டு கிடந்தது. உடம்பில் இரும்பு இருந்தால் எம்.ஆர்.ஐ.யின் காந்தத்தில் அது நகரலாம், சூடாகலாம். ஸ்கான் எடுக்கப் போன ஓர் இடத்தில், துண்டு பற்றிய பழைய றிப்போர்ட்டைக் கொண்டு வரச் சொல்லி அம்மாவை நிற்க வைத்துப் பேசினார்கள். எந்த றிப்போர்ட்? உடுத்த உடுப்போடு முள்ளிவாய்க்கால் தாண்டி, செட்டிகுளம் முகாமுக்குப் போன மனுசி அவர். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழே மிஞ்சவில்லை. எங்கள் ஒழுங்கையில் மட்டும் இப்படித் துண்டோடு நான்கு பேர் இருக்கிறார்கள். ஒரு எக்ஸ்ரே எடுத்து, எந்த இடத்தில் எத்தனை துண்டு என்று கிளினிக் கொப்பியில் எழுதி வைக்க எத்தனை நிமிடம் ஆகும்? அம்மா அன்று அழவில்லை, நான்தான் அழுதேன். கடைசியில் சாய மருந்து ஏற்றி சி.டி. தான் எடுத்தோம். ஆகவே "மூன்று கட்டி" என்பதும் சி.டி. கண்ட மூன்று. உங்கள் அப்பாவும் வன்னியில் இருந்தவர் என்றால், ஸ்கானுக்கு நாள் எடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, காலத்தைக் கணிக்க டொக்டர்கள் எதைப் பார்க்கிறார்கள்? நுரையீரலிலிருந்து மூளைக்குப் பரவியவர்களுக்கென்று 2017இல் வெளிவந்த ஒரு புள்ளி முறை இருக்கிறது, பெயர் லங்-மோல்ஜிபிஏ. வயது 70க்கு மேலா கீழா, ஆள் தன் வேலையைத் தானே செய்கிறாரா, மூளைக்கு வெளியேயும் பரவியிருக்கிறதா, மூளையில் கட்டி நாலுக்கு மேலா, அடினோகார்சினோமா என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர். அல்லது ஏ.எல்.கே. (அதைப் போல இன்னொரு மரபணு) மாற்றம் உண்டா, இவ்வளவும்தான் அதில் இருக்கின்றன. சி.இ.ஏ. அதில் இல்லை. அடினோகார்சினோமாவில் ஆகக் குறைந்த புள்ளிக்காரரின் இடைநிலை 6.9 மாதம், ஆகக் கூடியவர்களுடையது 46.8 மாதம். ஒரே நோய், இவ்வளவு தூரம் வித்தியாசம். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும் இருந்தார்கள் என்றும் அர்த்தம். அம்மாவின் புள்ளிக்கு 26.5 மாதம். அம்மா இருந்தது 19 மாதம். நான் அந்த முறையைக் குறை சொல்லவில்லை, அது ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுவது, என் அம்மாவைப் பற்றி அல்ல.

நான் மருத்துவர் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். சோதனையே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சி.இ.ஏ. கூடியவர்களைக் கூட்டமாக எடுத்தால் சராசரிக் காலம் குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்வது எனக்கும் தெரியும். ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே முறையில், மாதாமாதம் எடுத்தால் மருந்து பிடிக்கிறதா என்று பார்க்க அது உதவும். அப்பா புகைப்பவர் என்றால் அதனாலும் கொஞ்சம் கூடியிருக்கும். ஆனால் 112 என்ற ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு மாதங்களை எண்ண வேண்டாம். மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெதசோன் கொடுத்திருந்தால், அப்பா இரண்டு மூன்று நாளில் எழும்பி நடக்கக்கூடும், அம்மா நடந்தார். அதற்குப் பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்பதை வைத்துக் கதையுங்கள். அந்த மருந்தில் இரத்தத்தில் சீனி ஏறும், அதையும் பாருங்கள்.

அப்பாவின் சதைத் துண்டில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. பார்த்தார்களா? நீங்கள் போட்ட விவரத்தில் அது இல்லை. வரும் கிளினிக்கில் முதலில் அதைக் கேளுங்கள். மாற்றம் இருந்தால், மூளைக்குள் நன்றாகப் போகிற ஒசிமெர்டினிப் போன்ற புதிய குளிசைகள் பற்றியும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு அதைப் பற்றித் தெரிய வந்தபோது அம்மாவால் விழுங்க ஏலாமல் போய்விட்டது.