எஸ்.வி.பி.காரரின் கந்தோரைத் துப்பரவாக்கலாமா: ஆர்காவ் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கட கேள்வியை நிதானமாக வாசித்தேன். சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் கன்டோனில், அதாவது மாநிலத்தில், துப்பரவு வேலைக்கென்று சொந்தத் தொழில் பதிந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. கட்டிடப் பொருள் விற்கிற ஒரு முதலாளி தன் கந்தோரைக் கிழமைக்கு மூன்று மாலை துப்பரவாக்கித் தரச் சொல்கிறார். காசிலும் குறையில்லை. ஆனால் அவரின் வேலியில் குடிவரவை எதிர்க்கிற எஸ்.வி.பி. என்ற சுவிஸ் மக்கள் கட்சியின் பதாகை தொங்குகிறது, வெளிநாட்டவர் போதும் என்று. "எங்களைப் போகச் சொல்லுற ஆளிட்ட வேலை எடுக்கலாமோ அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஜி.எம்.பி.எச். என்கிற வரையறுத்த பொறுப்புக் கொம்பனி தொடங்குவதா, வான் வண்டியை லீசிங்கில் எடுப்பதா, எந்த மருத்துவக் காப்புறுதி மலிவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றையும் கடைசியில் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். முதல் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

வேலையை எடுங்கள். ஆனால் அவருக்கு எதைச் செய்து கொடுப்பேன், எதைச் செய்யமாட்டேன் என்பதை முதல் நாளே மனதில் முடிவுகட்டிவிட்டு எடுங்கள். பிறகு யோசிக்கலாம் என்று விட்டால், முடிவை அவர்தான் எடுப்பார்.

இந்த நாட்டில் வாடிக்கையாளரின் கட்சியைப் பார்த்துத்தான் தொழில் செய்வேன் என்றால் கடையைத் திறக்கவே வேண்டாம். 2023 தேர்தலில் எஸ்.வி.பி. எடுத்தது கிட்டத்தட்ட 28 வீதம். மற்ற எந்தக் கட்சியும் கிட்ட நிற்கவில்லை. ஊர்ப்பக்கம் போனால் இன்னும் கூட. அதோடு இங்கே வருடத்தில் நாலு ஞாயிறு வாக்கெடுப்பு நடக்கலாம். வேறு நாடுகளில் ஒரு மனிதரின் அரசியல் அவரின் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும். இங்கே அது சோளவயலோரம் பலகையில் ஏறி நிற்கும். வேலைக்கு வான் வண்டியில் போகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டுதான் போகவேண்டும்.

2007இல் வந்த அந்தச் செம்மறிச் சுவரொட்டியை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். சுவிஸ் கொடியில் நிற்கிற வெள்ளைச் செம்மறி, ஒரு கறுப்புச் செம்மறியைக் காலால் உதைத்து வெளியே தள்ளுகிறது. அந்த வருடம் எனக்கு ஒரு தச்சுப் பட்டறை வாடிக்கை இருந்தது. முதலாளி கட்சியின் உள்ளூர்க் கிளையில் முக்கியமான ஆள். பட்டறைச் சுவரில் சுவரொட்டி, கந்தோர் மேசையில் துண்டுப்பிரசுரக் கட்டு. மேசை துடைக்கிற வேலை எங்களுடையது. என்னோடு வேலைசெய்த பிள்ளைகளுக்கு நான் சொன்னது இதுதான்: கட்டைத் தூக்குங்கோ, கீழே மரத்தூள் ஒரு பொட்டும் இல்லாமல் துடையுங்கோ, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலே இருக்க, எந்த மூலையில் இருந்ததோ அந்த மூலையிலேயே வையுங்கோ. ஒன்றும் குப்பைக்குப் போகக்கூடாது, ஒன்றும் கசங்கக்கூடாது. அது அவரின் மேசை.

அதே மனிதர் அடுத்த தேர்தல் நேரம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: உங்கட ஆக்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ மாடிவீடுகளின் படிக்கட்டுக் கழுவப் போகிறார்கள்தானே, அப்படியே தபால்பெட்டிகளில் இந்தத் துண்டுப்பிரசுரத்தையும் போட்டுவிடலாமே, தனியாகக் காசு தாறன் என்று. மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். "நான் இதற்கு எதிராக வாக்குப்போடுகிறவள். உங்கள் கந்தோரைத் துப்பரவாக வைத்திருப்பது என் தொழில், இதை வீடுவீடாகக் கொண்டுபோவது என் தொழிலில்லை" என்றேன். கோபப்படவில்லை. சுவிஸ்காரர் நேரே சொல்லுகிற மறுப்பை மதிப்பார்கள், சுற்றிவளைத்துச் சொல்லுகிற பொய்யைத்தான் மறக்கமாட்டார்கள். "வேன் பழுது, ஆள் பற்றாக்குறை" என்று நழுவியிருந்தால், அடுத்த முறையும் கேட்டிருப்பார்.

இன்னொரு வாடிக்கையை நானே முறித்தேன். அவர் எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. எங்களிடம் வேலைசெய்த எரித்திரியாப் பெண்ணைத் தன் வீட்டுக்கு அனுப்பவேண்டாம், தமிழரை அனுப்பு என்றார். இந்த நாட்டுச் சட்டத்தில் முதலாளி தன் தொழிலாளியின் மதிப்பைப் பாதுகாக்கவேண்டும், அது கடமைகள் சட்டத்தின் 328ஆம் பிரிவு. சட்டம் இல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். அந்தப் பிள்ளை அடுப்புத்தட்டைக் கழுவி வைத்தால் வீட்டு நிர்வாகக் கொம்பனிக்காரர் கைவிளக்கோடு வந்தாலும் குறை பிடிக்கமுடியாது. வீடு ஒப்படைக்கிற நாளில் ஜன்னல் ஷட்டரின் ஒவ்வொரு பட்டியிலும் விரலை இழுத்துப் பார்ப்பார்கள், குழாய் முனைச் சல்லடையைக் கழற்றிக் கல்க், அதாவது சுண்ணாம்பு, படிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவளின் வேலையில் எனக்கு ஒரு முறைப்பாடு வந்ததில்லை.

ஆக, ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதற்காக வேலையை விடாதீர்கள். அந்த நினைப்பை உங்கள் கையால் பரப்பச் சொன்னாலோ, உங்கள் தொழிலாளியின் தலையில் இறக்கச் சொன்னாலோ விடுங்கள்.

இதைவிட ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதை உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். 2014 பெப்ரவரி 9ஆம் திகதி எஸ்.வி.பி.யின் குடிவரவுக்கு எதிரான முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் 50.3 வீத வாக்கோடு வென்றது. அடுத்த கிழமை அந்தத் தச்சுப்பட்டறைக்காரர் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, "உங்களை நாங்கள் சொல்லவில்லை, நீங்கள் வேறு, தமிழர் நல்ல உழைப்பாளிகள்" என்றார். இந்த வார்த்தை உங்களுக்கும் கட்டாயம் வரும், தம்பி. வரும்போது தலையாட்டாதீர்கள். சண்டையும் பிடிக்கவேண்டாம். நான் சொன்னது: "நான் வந்த காலத்தில் எங்களையும் இப்படித்தான் சொன்னார்கள்." அவ்வளவுதான். ஒருமுறை தலையாட்டினால் அடுத்தமுறை உங்கள் முன்னால் அல்பேனியரைப் பற்றிச் சொல்வார், அதற்கும் ஆட்டவேண்டும். கடைசியில் "என்னிடம் வேலைசெய்கிற தமிழனே ஒத்துக்கொள்கிறான்" என்று உங்களைச் சாட்சியாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அவர் தருகிற சம்பளத்தில் இதற்கான காசு சேரவில்லை.

எனக்கு எஸ்.வி.பி.காரரைவிடக் கோபம் வருவது எங்கட ஆக்களில் சிலரைப் பார்த்துத்தான். கோயில் திருவிழாவில் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்த எரித்திரியாக்காரர் சோஷியல் காசில சும்மா இருக்கினம், எஸ்.வி.பி. சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு" என்கிறார்கள். சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் கையில் வந்ததும் 80களை மறந்துவிட்டார்கள். அப்போது பத்திரிகைகளில் நாங்கள்தான் போதைப்பொருள் விற்கிறவர்கள், பேர்ன் ஸ்டேஷனில் தோல் ஜாக்கெட்டோடு நின்று சும்மா பொழுது போக்குகிறவர்கள். வேலை செய்ய அனுமதி இல்லாமல் வைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று பழி சொன்னார்கள். பிறகு உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டியிருந்தபோது மெல்ல மெல்லக் கதை மாறியது. நாங்கள் மாறவில்லை. அதே பொடியள்தான்.

நான் 1989இல் வந்தேன், பருத்தித்துறையிலிருந்து. பேர்ன் கன்டோனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில்தான் முதல் வேலை. அறைக்குப் பொறுப்பாக இருந்த அம்மா, தமிழர் எல்லோரையும் திருப்பி அனுப்பவேண்டும் என்று என் முன்னாலேயே மற்றவர்களிடம் சொல்லுவா. எனக்கு ஜேர்மன் விளங்காது என்று நினைத்திருந்தா. முதலில் விளங்கவில்லைதான், ஆனால் சலவை மெஷின் சத்தத்துக்குள் நின்றே அந்த மொழியைப் பிடித்துக்கொண்டேன். 1994இல் சுவிஸ் அரசு இலங்கையோடு திருப்பியனுப்பும் ஒப்பந்தம் செய்தபோது அவவுக்குச் சந்தோஷம். எனக்கோ இரவில் நித்திரை இல்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்களுக்குத் தருகிற 'என்' (N) வகைக் காகிதத்தோடு ஒவ்வொரு கடித உறையையும் நடுங்கிக்கொண்டு திறந்த காலம் அது. 2000இல் அரசு மனிதாபிமான நடவடிக்கை என்று ஒன்று கொண்டுவந்து, 1992 முடிவதற்குள் வந்தவர்களைத் தங்கவிடும்வரை எங்களில் ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் இருந்தோம். அந்த அம்மா கடைசிவரை தன் கருத்தை மாற்றவில்லை. ஆனால் நான் வேலையை விட்டுப் போகும்போது எழுதித் தந்த வேலைச் சான்றிதழில் ஒரு சொல்லும் குறைத்து எழுதவில்லை. இங்கே சான்றிதழில் ஒரு சொல் குறைந்தால் அடுத்த முதலாளிக்கு உடனே விளங்கும். அதை வைத்துத்தான் எனக்கு அடுத்த வேலை கிடைத்தது. அவ நல்லவவா கெட்டவவா என்று என் மகள் கேட்டபோது, இதைத்தான் சொன்னேன், இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுபக்கமும் சொல்லவேண்டும். அகதிகளுக்காகப் பேசுகிற ஒரு சங்கத்தின் கந்தோரையும் துப்பரவாக்கினோம். சுவரெல்லாம் நல்ல நல்ல வாசகம். மணித்தியாலத்துக்கு இரண்டு பிராங் குறைவாக இன்னொரு கொம்பனி வந்ததும் ஒரு கடிதத்தோடு எங்களை அனுப்பிவிட்டார்கள். தச்சுப்பட்டறைக்காரர் பத்து நாளுக்குள் காசு கட்டுவார். அதற்காக அவரின் வாக்கு எனக்கு நல்ல வாக்காகிவிடவில்லை, சங்கத்தின் கொள்கை பிழையாகிவிடவுமில்லை. 2016இலும் 2020இலும் எஸ்.வி.பி.யின் முன்மொழிவுகள் தோற்றபோது எங்கள் வீட்டிலிருந்து போன தபால் வாக்கு உறைகளில் எல்லாம் 'இல்லை' என்றுதான் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

நீங்கள் கேட்காமல் விட்ட பயம் ஒன்று இருக்கிறது, எனக்கு விளங்குகிறது. நாளைக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் அதை முடிவுசெய்கிற ஊர்ச்சபையில் இந்த முதலாளிதானே இருப்பார் என்று. இருக்கலாம். 2000ஆம் ஆண்டு லுட்சேர்ன் கன்டோனில் எம்மென் என்ற ஊரில் விண்ணப்பங்களை வாக்குப்பெட்டிக்கு விட்டபோது, இத்தாலியரை ஏற்றுக்கொண்டு பழைய யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களைத் தள்ளினார்கள். 2003இல் உச்ச நீதிமன்றம் அப்படிப் பெட்டியில் வாக்குப்போட்டு முடிவெடுப்பது செல்லாது என்றது, காரணம் சொல்லாமல் மறுக்கமுடியாது என்றது. எங்கள் விண்ணப்பம் அதற்குப் பிறகு ஊர்க்கூட்டத்துக்குப் போனது. கை உயர்த்துகிற நேரம் எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே என் வாடிக்கையாளர்கள் பலர், தச்சுப்பட்டறைக்காரரும்தான். அவர் கையை உயர்த்தினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த நாள் மாலை வழமைபோல அவர் கந்தோருக்குப் போனோம். குடியுரிமைக்காக ஒருவருக்கு மலிவாக வேலைசெய்து கொடுக்காதீர்கள். பிறகு அந்த விலையிலிருந்து ஏறவே முடியாது.

எல்லா நேரமும் நான் இப்படித் தொழில் வேறு, கருத்து வேறு என்று நின்றேன் என்று நினைக்கவேண்டாம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபோது, இங்கே கடை வைத்திருந்த ஒரு சிங்களவர் சிங்கக்கொடி கட்டி இனிப்புக் கொடுத்தார். சில மாதம் கழித்துக் கடையைத் துப்பரவாக்க விலை கேட்டு எனக்கு போன் எடுத்தார். செய்யமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் பதில். அதே காலத்தில் ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டுக்கு நாங்கள் போய்க்கொண்டுதான் இருந்தோம். அந்தப் பெண் மே மாதத்தில் ஒருநாள் கதவைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றா. உங்களுக்கும் இப்படி ஓர் இடம் இருக்கும். அதற்கு யாரிடமும் நியாயம் சொல்லவேண்டியதில்லை.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். தண்டனைச் சட்டத்தின் 261பிஸ் பிரிவு 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுமக்களுக்கென்று செய்கிற சேவையை இனம், மதம் பார்த்து மறுப்பது குற்றம், 2020இலிருந்து பாலியல் நாட்டமும் அதில் சேர்ந்தது. கட்சி அதில் இல்லை. ஆகவே ஒருவர் எஸ்.வி.பி. என்பதற்காக நீங்கள் மறுக்கலாம், ஒருவர் முஸ்லிம் என்பதற்காகவோ செர்பியர் என்பதற்காகவோ மறுக்கமுடியாது. பயத்தில் சிலர் இதை மாறி விளங்கிவைத்திருக்கிறார்கள்.

மறுக்கிற தைரியம் வங்கிக் கணக்கிலிருந்துதான் வருகிறது. இந்த முதலாளியின் வேலை உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடாதீர்கள். ஒரே வாடிக்கையாளரோடு நின்றால், முதியோர் காப்புறுதி அலுவலகமே உங்களைச் சுயதொழில் என்று ஏற்க யோசிக்கும், பல பேருக்கு வேலை செய்கிறீர்கள் என்று காட்டச் சொல்லும். துண்டுப்பிரசுரத்தை மறுத்தபோது என்னிடம் வேறு வாடிக்கைகள் இருந்தன. அதனால்தான் நேரே நின்று சொல்ல முடிந்தது. விலையை எழுத்தில் கொடுங்கள், மற்றவருக்குப் போடுகிற அதே விலை. என்னென்ன வேலை என்று ஒவ்வொன்றாக எழுதி, இரண்டு பக்கமும் ஒரு மாத அறிவித்தலோடு நிறுத்தலாம் என்று போடுங்கள்.

மற்றவைக்கு: ஜி.எம்.பி.எச். கொம்பனிக்கு 20,000 பிராங் மூலதனம் வேண்டும், இப்போதைக்குத் தனியாள் தொழிலாகவே நடத்துங்கள். வருட வரவு 100,000 பிராங்கை எட்டினால் வர்த்தகப் பதிவும் பெறுமதிசேர் வரியும் வரும், அப்போது கணக்காளரிடம் போங்கள். வானைப் பழையதாகக் காசு கொடுத்து வாங்குங்கள். காப்புறுதியை இணையத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள், எங்கட முகவர்மாரின் கதையைக் கேட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள்.