டக்கில் போனவர்கள்

கேள்வி: மூழ்கிப்போன பயணிகள் கப்பல்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பெரிய கப்பல்களை இழுத்துச் செல்லும் டக் மூழ்கினால், அதில் இருந்தவர்களை யாராவது நினைக்கிறார்களா?
(வாசகர், காரைக்கால்)

பதில்: இருபத்திரண்டு ஆண்டுகள் டக்கின் எஞ்சின் அறையில் எண்ணெய்க் கறையோடு காலம் தள்ளியவனிடம் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கடற்படையின் 'கோனெஸ்டோகா'வைப் பற்றிச் சொல்கிறேன்.

1904-ல் ஒரு ரயில்வே கம்பெனிக்காகக் கட்டப்பட்ட 170 அடி டக் அது. 1917-ல் கடற்படை அதை வாங்கியது. 1921 மார்ச் 25, புனித வெள்ளியன்று பிற்பகல், சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் நீரிணையைக் கடந்து ஹவாய் நோக்கிக் கிளம்பியது. அங்கிருந்து சமோவா போவது திட்டம். உள்ளே 56 பேர். அன்று காற்று மணிக்கு 40 மைல் வரை ஏறியது. புயலோடு போராடுவதாகவும், இழுத்து வந்த பார்ஜ் (எஞ்சின் இல்லாத சரக்குப் படகு) அறுந்து போனதாகவும் அரைகுறையாக ஒரு வானொலிச் செய்தி, வேறொரு கப்பல் வழியாக வந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

தேடியது எங்கே தெரியுமா? ஹவாயைச் சுற்றி! மே மாதத்தில் மெக்சிகோவுக்கு மேற்கே ஆளில்லாத உயிர்காப்புப் படகு ஒன்று கிடைத்தது. முகப்பில் 'சி' என்ற ஆங்கில எழுத்து, அதாவது கோனெஸ்டோகாவின் முதல் எழுத்து, இருந்ததால், தேடல் அந்தப் பக்கம் திரும்பியது. 1937-ல் பசிபிக் மேல் பறக்கும்போது காணாமல்போன விமானி அமீலியா இயர்ஹார்ட்டைத் தேடும்வரை அவ்வளவு பெரிய தேடல் நடந்ததில்லை என்பார்கள். ஜூன் 30-ம் தேதி, எல்லோரும் இறந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போன செய்தி அவ்வளவுதான். எங்கே, எப்படி என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

2009-ல் கடலடி ஆய்வு ஒன்றில், ஃபாரலோன் தீவுக்கு மூன்று மைல் தள்ளி, 189 அடி ஆழத்தில் பெயர் தெரியாத ஒரு கப்பலின் உருவம் தென்பட்டது. கிளம்பிய கோல்டன் கேட்டிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். பின்னர் கேமராவை இறக்கிப் பார்த்தபோது, மேல்தளத்தில் மூன்று அங்குல பீரங்கி இருந்தது. அதை வைத்துத்தான் இது கோனெஸ்டோகா என்று முடிவானது. 2016 மார்ச் 23 அன்று வாஷிங்டனில், இறந்தவர்களின் உறவினர்களை அழைத்து வைத்துக்கொண்டு அறிவித்தார்கள். 95 ஆண்டுகளுக்கு இரண்டு நாள் குறைவு. ஆகவே, நினைக்கிறார்கள் ஐயா, வீட்டார் நினைக்கிறார்கள்.

கப்பல் கிடக்கும் விதத்தைப் பார்த்தால், தீவின் ஒதுக்கமான வளைகுடாவுக்குள் போய்ச்சேர முயன்றதாகத் தோன்றுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதைப் படித்தபோது என் மனம் கீழ்த்தளத்துக்குத்தான் போனது. மேலே நிற்பவருக்குத் தீவு தெரிந்திருக்கலாம். எஞ்சின் அறையில் கரை தெரியாது. மேலிருந்து மணி அடித்தால் வேகத்தைக் கூட்டுவோம், அல்லது குறைப்போம். கொதிகலன் பக்கம் நின்றவர்கள் கடைசி மணிக்கும் அப்படித்தான் கைபோட்டிருப்பார்கள்.